தண்ணீர் மட்டும்

ஏரி உறைந்த மூன்றாம் நாள்
ரவோனுக்கு மூக்கில் ரத்தம் வந்தது.
தலையணையில் காசளவு சிவப்பு.
பள்ளிக்கு நேரமாகிவிட்டதால்
உறையைத் திருப்பிப் போட்டேன்.

சுன்சொனில் அன்று சுழியத்துக்குக் கீழே பதினாறு.
வீட்டுக்குள், தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள்
இரவெல்லாம் ஓடி
காற்றின் கடைசிச் சொட்டையும் குடித்துவிடும்.
கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று ஒரு பொறி.
மேசை ஓரம் வெடித்து
சீட்டு நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.
ஈரமானியில் இருபத்தொன்று.
நாற்காலி முதுகுகளில் நனைத்துப் போட்ட துண்டுகள்
விடிவதற்குள் கருவாடாய் விறைத்தன.

"ஒரு ஈரமூட்டி வாங்கலாமே" என்றேன்.
பொம்சு கிண்ணத்தைக் கீழே வைத்தான்.
சத்தமில்லாமல்தான் வைத்தான்.
அதற்குமேல் நான் பேசவில்லை.

பதினேழு வருடத்துக்கு முன்
அக்காவுக்குப் பிள்ளை பிறந்தபோது
ஈரமூட்டியும் அதற்கான மருந்தும்
வாங்கிப்போனவன் அவன்தான்.
தண்ணீரில் கிருமி சேராமலிருக்க ஒரு மூடி.
புட்டியின் மேல் சிரிக்கும் குழந்தை.
அளந்து ஊற்றிக் காட்டியதும் அவன்தான்.
"மறந்துடாதே, தினம் ஒரு மூடி."

அக்கா மறக்கவேயில்லை.

பிள்ளை தப்பிவிட்டான், இப்போது கூடைப்பந்து ஆடுகிறான்.
அக்கா குளியலறை வரை போக
நடுவழியில் ஒரு நாற்காலி வேண்டும்.
மூக்கில் குழாய்.
ஒரு நாளும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும் என்பான், குடித்தால்.

சனிக்கிழமை ஒரு பெட்டி வந்தது.
அனுப்பியவர்: இன்சூக்.
உள்ளே வெள்ளையாய் ஓர் ஈரமூட்டி,
தொட்டியின் கழுத்தில் புற ஊதா விளக்கு,
துண்டுக் காகிதத்தில் அக்காவின் சாய்ந்த எழுத்து:
"தண்ணீர் மட்டும். வேறெதையும் ஊற்றாதே.
கையேட்டை இரண்டு முறை படித்துவிட்டேன்,
நடுவில் படுத்துப் படுத்து எழுந்து.
குழந்தையின் மூக்கு எப்படி இருக்கிறது?"

நான் சொல்லவில்லை.
ரவோன்தான் சொல்லியிருப்பாள்.

பொம்சு நிறுவனத்துக்குத் தொலைபேசினான்.
அந்த ஒளி வெளியே கசியுமா?
மூடியைத் திறந்தால் தானாக அணையும் என்றாள் அந்தப் பெண்.
பதினோரு முறை திறந்து பார்த்தான்.
வேறென்ன சேர்க்கணும்?
ஒன்றுமில்லை ஐயா.
ஒன்றுமே?
"தண்ணீரைத் தினம் மாற்றுங்கள்.
தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள்.
விளக்கு இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்,
அது எல்லாவற்றையும் செய்யாது."

எல்லாவற்றையும் செய்யும் என்றிருந்தால்
பெட்டியை அப்படியே ஒட்டியிருப்பான்.

புற ஊதா.
ஊதாவுக்கும் அப்பால், கண்ணுக்கு எட்டாத நிறம்.
நமக்குத் தெரிவதெல்லாம்
வேலை நடக்கிறதென்று சொல்லும் ஒரு சின்னப் பொட்டு.
உள்ளே, தண்ணீரில்,
ஒன்று நூறாகப் பார்க்கும் எதுவோ
ஒன்றாகவே நின்று ஓய்ந்துபோகிறது.
மிஞ்சிய தண்ணீர் புகையாய் எழுந்து
அறைக்குள் தன் பாட்டுக்கு நடக்கிறது.

முப்பத்தொன்று.
முப்பத்தெட்டு.
ரவோன் வாயை மூடிக்கொண்டு தூங்கினாள்.

மூன்று மணிக்கு விழித்தேன்.
ஈரமூட்டியின் அருகே சம்மணமிட்டு
அந்தப் புகைக்குள் முகத்தை நீட்டி
ஆழமாய், மெதுவாய், இழுத்துக்கொண்டிருந்தான் பொம்சு,
அரசனுக்கு முன் சோற்றைச் சுவைத்துப் பார்ப்பவனைப் போல.
நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலையில் ஈரமானியைப் படமெடுத்து
அக்காவுக்கு அனுப்பினேன்: நாற்பத்துநான்கு.
வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது.
"அறுபதைத் தாண்ட விடாதே,
சுவரில் பூஞ்சை பிடிக்கும்."
அவ்வளவுதான்.

தலையணை உறையைத் துவைத்து
அதே நாற்காலி முதுகில் போட்டேன்.
அது காய
அன்று சாயங்காலம் ஆயிற்று.